கொல்கத்தாவில் ஒரு சரத்கால வார இறுதி: அஷ்டமிக்கு வேண்டாம், அதற்கு முன்னால் போங்கள்

சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். துர்கா பூஜையையும் பார்க்க வேண்டும், ஊரையும் பார்க்க வேண்டும். அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா அம்மாவும் உடன் வருகிறார்கள். அஷ்டமியை ஒட்டி வரும் சனி ஞாயிறு சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: இருக்காது. அந்த இரண்டு நாளில் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். நான் பல வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: மகாளய அமாவாசைக்கும் சஷ்டிக்கும் இடையில் வரும் வார இறுதியைப் பிடியுங்கள்.

தேதிக்குத் தனியாக வங்காளப் பஞ்சாங்கம் தேட வேண்டாம். நம் வீட்டு நாள்காட்டியே போதும். மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது அல்லவா, அதே நாள்தான் அங்கேயும். நமக்கு ஒன்பது நாளும் கொலு. அவர்களுக்கு ஆறாம் நாளான சஷ்டியில்தான் பூஜை சூடு பிடிக்கும். சப்தமி, அஷ்டமி, நவமி மூன்றும் உச்சம். நமக்கு சரஸ்வதி பூஜை நடக்கும் நாள் அவர்களுக்கு மகா நவமி, விஜயதசமியன்று சிலைகள் ஆற்றில் கரைகின்றன.

முன்பெல்லாம் சஷ்டிக்கு முன் பந்தல்களுக்குப் போனால் மூங்கிலும் சாக்குத் துணியும்தான் தெரியும். இப்போது அப்படி இல்லை. பெரிய பந்தல்கள் பலவற்றை மகாளயத்தை ஒட்டியே திறந்துவிடுகிறார்கள், திரிதியை சதுர்த்தியிலேயே ஊர் தெருவுக்கு வந்துவிடுகிறது. அதே சமயம் அருங்காட்சியகம் திறந்திருக்கும், புத்தகக் கடைகள் திறந்திருக்கும், உணவகத்தில் உட்கார இடம் கிடைக்கும், அறை வாடகையும் உச்சத்துக்குப் போயிருக்காது. சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்டுலியில் இன்னும் சில சிலைகள் லாரிக்காகக் காத்திருக்கும்.

இழப்பும் உண்டு. சஷ்டிக்கு முன் நீங்கள் பார்ப்பது பந்தலையும் சிலையையும் விளக்கையும்தான், பூஜையை அல்ல. அஷ்டமி காலையில் குளித்து, புதுத்துணி உடுத்தி, கைநிறைய பூவோடு தெருவே வரிசையில் நின்று செய்யும் புஷ்பாஞ்சலி அப்போது கிடையாது. அஷ்டமியும் நவமியும் சந்திக்கும் நேரத்தில் 108 தாமரையும் 108 விளக்கும் வைத்துச் செய்யும் சந்தி பூஜை கிடையாது. பந்தலில் கொடுக்கும் கிச்சடிப் பிரசாதமான போக் கிடையாது. பாக்பஜார் போன்ற பழைய பாணிப் பந்தல்கள் தாமதமாகத்தான் திறக்கும். உங்கள் அம்மாவுக்கு இவைதான் முக்கியம் என்றால் அஷ்டமிக்கே போங்கள். ஆனால் ஊர் சுற்றும் ஆசையை விட்டுவிட்டு, தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஒரே ஒரு தெருப் பந்தலில் காலையும் மாலையும் போய் உட்காருங்கள். அதுவும் நல்ல பயணம்தான். இரண்டையும் ஒரே இரண்டு நாளில் செய்ய நினைப்பதுதான் கெடுக்கிறது.

தங்குமிடத்தை மெட்ரோவின் வடக்கு–தெற்கு நீலத் தடத்தை ஒட்டிப் பாருங்கள். எஸ்ப்ளனேடு, பார்க் ஸ்ட்ரீட், ராஷ்பிஹாரி அவென்யூ வட்டாரம் என எதுவானாலும் சரி. ஊரின் கிழக்கு ஓரத்து நியூ டவுனில் புத்தம் புதிய ஓட்டல் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். மிச்சம் பிடித்த பணத்தை டாக்ஸிக்குக் கொடுப்பதோடு, அந்த வாரத்தில் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். எனக்குப் பிடித்தது ராஷ்பிஹாரியில் லேக் மார்க்கெட் பக்கம். பல தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியேறிய பகுதி அது. சந்தையில் வாழை இலையும் கறிவேப்பிலையும் மல்லிகையும் கிடைக்கும், இட்லி சாம்பாருக்குக் குறைவில்லை. மூன்றாம் வேளைக் கடுகெண்ணெய்க்குப் பிறகு அப்பா முகம் சுளித்தால் அழைத்துப் போக ஓர் இடம் வேண்டும் அல்லவா?

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலர் கோட்டைவிடுவது இதில்தான். கொல்கத்தா கிழக்கே இருக்கிறது. அக்டோபரில் காலை ஐந்தரைக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும். மாலை ஐந்தேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். சென்னைக் கணக்கில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நாளில் பாதி போயிற்று. சீக்கிரம் எழுந்து, மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போட்டு, மறுபடி கிளம்புங்கள். பெரியவர்களுக்கும் அதுதான் ஒத்துவரும்.

சனிக்கிழமையை அருங்காட்சியகத்துக்கும் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கும் வையுங்கள். காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு மூடியிருக்கும் என்பதே காரணம். பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் இறங்கினால் இந்திய அருங்காட்சியகம் நடக்கும் தூரம். 1814இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. எல்லாரும் எகிப்து மம்மியைப் பார்க்க முண்டியடிப்பார்கள். நீங்கள் நேரே பர்ஹுத் கூடத்துக்குப் போங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தத் தூபியின் சிவந்த கல் வேலியும் தோரண வாயிலும் அங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஜாதகக் கதைகள் வட்டவட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு கூடத்துக்காகவே டிக்கெட் வாங்கலாம். மற்றவற்றை அவசரமாகப் பார்த்தால் போதும். விக்டோரியா நினைவகம் 1921இல் திறந்த பளிங்குக் கட்டடம். வெளியே தோட்டத்தில் ஒரு சுற்று, ஒரு புகைப்படம், அவ்வளவு போதும் என்பது என் கருத்து. இரண்டுக்கும் திங்கள் விடுமுறை.

பிற்பகல் காலேஜ் ஸ்ட்ரீட். நடைபாதையின் இருபுறமும் மரப்பெட்டி போன்ற கடைகள், கூரைவரை புத்தகம். சரத்காலத்தில் இங்கே வருவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் பத்திரிகைகள் தீபாவளி மலர் போடுவதுபோல வங்காளப் பத்திரிகைகள் பூஜைக்குத் தடித்த சிறப்பிதழ் வெளியிடுகின்றன. நாவலையே முழுதாக அதில் போட்டுவிடுவார்கள். பெரிய எழுத்தாளர்கள் அந்த இதழுக்காகவே எழுதி, பிறகு அது புத்தகமாக வருவது அங்கே நெடுநாள் வழக்கம். மொழி தெரியாவிட்டாலும் அந்த அட்டைகளை வரிசையாகப் பார்ப்பதே ஒரு திருவிழா. அருகிலுள்ள காபி ஹவுஸ் பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடம். ஊழியர் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. மாடியில் இடம் பிடித்து, கீழே நடக்கும் சத்தமான விவாதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காபியைப் பற்றி கும்பகோணத்துக்காரரான என் நண்பர் சொன்னதை எழுத மாட்டேன். தாகத்துக்குக் காலேஜ் ஸ்கொயர் அருகே 1918 முதல் நடக்கும் பாரமவுண்ட் கடையில் இளநீர் சர்பத் குடியுங்கள், வழுக்கை மிதக்கும். நாக்குக்கு நியாயம் அங்கே கிடைத்துவிடும்.

இனி பந்தல். தெற்கா வடக்கா என்று கொல்கத்தாக்காரர்களே சண்டை போடுவார்கள். சனி மாலைக்கு நான் தெற்கைச் சொல்வேன், நடக்கும் தூரம் குறைவு என்பதற்காக. காளிகாட் மெட்ரோவில் இறங்கினால் பாதாம்தலா ஆஷாட் சங்கம், 66 பல்லி ஆகிய பந்தல்கள் பக்கத்திலேயே. அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியே கிழக்கே நடந்தால் தேஷப்பிரிய பார்க், திரிதாரா, பாலிகஞ்ச் கல்ச்சுரல் என்று அடுத்தடுத்து வரும். கரியாஹாட் தாண்டினால் ஏக்தாலியா எவர்கிரீன், சிங்கி பார்க். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கூட்டத்தில் அது மூன்று மணி நேரம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. நான்கு பார்த்துவிட்டு, மேடக்ஸ் ஸ்கொயர் மைதானம் திறந்திருந்தால் புல்லில் உட்கார்ந்துவிடுங்கள். அங்கே ஊரின் பாதி இளைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

பந்தல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று பழைய பாணி: ஒரே சட்டத்துக்குள் ஐந்து தெய்வங்களும் நிற்கும், சிங்கமும் அசுரனும் கீழே. இன்னொன்று கருப்பொருள் பந்தல்: ஒரு கலைஞர் மாதக்கணக்கில் யோசித்து, ஒரு தெருவையே சணல், மண்பாண்டம், பழைய இரும்பு, பிரம்பு என்று ஏதோ ஒன்றால் மாற்றிவிடுவார். பத்து நாளில் பிரிக்கப்போகும் ஒன்றுக்கா இவ்வளவு உழைப்பு என்று தோன்றும். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தத் தெருக் கலையைப் பார்த்தால் அது வெறும் சம்பிரதாய மரியாதை இல்லை என்று புரியும். கலையைப் பார்க்கப் பிற்பகல் மூன்றரை மணி நல்லது. கூட்டம் குறைவு, நுணுக்கம் தெரியும். விளக்கைப் பார்க்க மாலை. தெருவை மூடி நிற்கும் அந்த அசையும் விளக்கு வேலைப்பாட்டுக்குப் பெயர்போன ஊர் சந்தன்நகர்.

அம்மாவிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே துர்கை நான்கு குழந்தைகளோடு தாய்வீட்டுக்கு வரும் மகள். லட்சுமியும் சரஸ்வதியும் அவளுடைய பெண்கள், கணேசனும் கார்த்திக்கும் பிள்ளைகள். கார்த்திக் என்பது நம் முருகன்தான். மயில் இருக்கும், மெல்லிய மீசை இருக்கும், வள்ளியும் தெய்வானையும் இருக்க மாட்டார்கள். வங்காளத்தில் அவர் கல்யாணமாகாதவர். அறுபடை வீடும் சுற்றிவந்தவர்களுக்கு முதல் பார்வையில் இது கொஞ்சம் தூக்கிவாரிப்போடும்.

ஞாயிறு வடக்கு. விடியற்காலை மெட்ரோ கிடையாது, ஞாயிறு தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். அதனால் டாக்ஸி பிடித்து ஆறு மணிக்குள் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள், ஹௌரா பாலத்தின் காலடியில் இருக்கிறது. கூடை கூடையாகச் சாமந்தி, மூட்டைகளில் தாமரை, வில்வம், செம்பருத்தி மாலை. சேறு இருக்கும், சுமைதூக்குபவர்கள் மோதுவார்கள். நல்ல செருப்பு வேண்டாம். பூஜை நெருங்க நெருங்கத் தாமரை விலை ஏறிக்கொண்டே போகும், அதை வைத்தே சந்தையில் நாள் எண்ணுவார்கள். அப்படியே பாலத்தின் மேல் ஏறி ஹௌரா பக்கம் நடந்துவிடலாம். 1943இல் திறந்தது, நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் ஆணியடித்தே இணைத்த 26,500 டன் எஃகு. நடுவில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நடக்க முடியாதவர்கள் படகில் கடக்கலாம். சில ரூபாய்தான் கட்டணம்.

ஹௌரா படகுத்துறையிலிருந்து வடக்கே ஷோபாபஜார், பாக்பஜார் துறைகளுக்குப் படகு போகிறது. அந்தப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். இடிந்த படித்துறைகள், ஆலமரம் விழுங்கிய கிட்டங்கிகள், துர்கைக்கு மண் கொண்டுவரும் படகுகள் எல்லாம் ஆற்றிலிருந்து பார்த்தால்தான் ஒழுங்காகத் தெரியும். ஷோபாபஜாரில் இறங்கினால் குமார்டுலி பக்கம்.

குமார்டுலியைச் சொல்லாமல் இந்தப் பதிலே இல்லை. மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோலைச் சுற்றிக் கட்டிய உடல், அதன்மேல் ஆற்றங்கரைக் களிமண். ஒட்டும் மண் ஒன்று, மணல் கலந்த மண் ஒன்று என இரண்டு வகை. காய்ந்து வெடித்த இடத்தில் துணிப்பட்டை நனைத்து ஒட்டி, வெள்ளை பூசி, பிறகு வண்ணம். வண்ணத்தில் புளியங்கொட்டைப் பசை சேர்ப்பார்கள், பிடிப்பு வருவதற்காக. கிரீடமும் அணிகலன்களும் பலவற்றுக்கு நெட்டியில் செய்தவை. ஆம், தஞ்சாவூரில் கோயில் கோபுரம் செய்து விற்கிறார்களே, அதே நெட்டிதான். மகாளயத்தன்று கண் வரைவது மரபு. அதற்குப் பிறகு போகும் நீங்கள் பார்ப்பது கடைசி நேரப் பரபரப்பை: ஒருவர் விரல்நகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்க, வெளியே பத்துப் பேர் மூங்கில் கட்டித் தோளில் தூக்க ஆயத்தமாக நிற்பார்கள். சந்து அகலம் ஓர் ஆள் நீட்டிய கையளவுதான். சிலை வரும்போது சுவரோடு ஒட்டி நில்லுங்கள், கேமராவை எடுக்க அது நேரமில்லை. பட்டறைக்குள் எட்டிப் பார்க்கும் முன் கேளுங்கள், பெரும்பாலும் தலையசைப்பார்கள்.

பக்கத்திலேயே ஷோபாபஜார் ராஜ்பாரி, அதாவது அரண்மனை. பிளாசிப் போர் நடந்த 1757இல் நவகிருஷ்ண தேவ் இங்கே பூஜை தொடங்கினார். ஐரோப்பியரை விருந்துக்கு அழைத்துக் கும்பெனிக்காரர்களின் தயவைத் தேடிய பூஜை அது என்பதையும் சேர்த்தே அங்கே சொல்வார்கள். பூஜை நாட்களில் பொதுமக்கள் உள்ளே போகலாம். முந்தைய வாரத்தில் வாசலோடு திரும்ப வேண்டி வரலாம். அங்கிருந்து பாக்பஜாரின் சந்துகளுக்குள் நிவேதிதையின் வீடு இருக்கிறது. பாரதி குருவாக ஏற்றுக்கொண்ட அதே நிவேதிதை. புதுப்பித்து நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். தமிழ் படித்தவர்கள் அந்த முற்றத்தில் பத்து நிமிடம் நிற்கலாம்.

உங்கள் பெற்றோருக்குச் சிலைக்கூடமும் சந்துகளும் அலுப்பு என்றால், இந்த ஞாயிறு காலையை அப்படியே தட்சிணேஸ்வரத்துக்கு மாற்றிவிடுங்கள். ராணி ராஸ்மணி 1855இல் கட்டிய காளி கோயில். ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகு உண்டு. இரண்டும் மதியம் மூடிவிடும் என்பதால் காலையே முடிக்க வேண்டும். காளிகாட் கோயிலை வார இறுதியில் நான் யாருக்கும் சொல்வதில்லை. நெரிசலும் இடைத்தரகர் தொல்லையும் பெரியவர்களை வாட்டிவிடும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. நோலன் குர் சந்தேஷ் என்ற பால் இனிப்புக்குப் பலகை பார்த்தால் அக்டோபரில் ஆசைப்படாதீர்கள். நோலன் குர் என்பது குளிர்காலத்தில் இறக்கும் ஈச்சம்பதநீரின் வெல்லம். புதுசு வர டிசம்பர் ஆகும். இப்போது சாதாரணச் சந்தேஷும் மண்சட்டித் தயிரும் சாப்பிடுங்கள். காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் ஜிலேபியும் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு அதைவிட நல்ல காலை உணவு அந்த ஊரில் இல்லை. அசைவம் சாப்பிடுபவராக நீங்கள் தனியாகத் தப்பித்தால், பிரியாணியில் உருளைக்கிழங்கு கிடப்பதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் ஆட்சியிழந்து வந்து குடியேறிய பிறகு இங்கே வேர்விட்ட பிரியாணி அது. இந்த ஊரில் கிழங்கு இல்லையென்றால்தான் சண்டை. 1902இல் தொடங்கி, இப்போது பழைய நியூ மார்க்கெட்டுக்குள் இருக்கும் நஹூம் யூத பேக்கரியில் பழக் கேக் வாங்கிக்கொள்ளலாம்.

மழையைக் கணக்கில் எடுங்கள். நீல வானமும் பஞ்சு மேகமும் சாலையோர நாணல் பூவும் வாசலில் உதிர்ந்த பவழமல்லியும்தான் அங்கே சரத்காலத்தின் அடையாளங்கள். ஆனால் பருவமழை அக்டோபர் நடுவில்தான் முழுதாக விலகும். 2025இல் பூஜைக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 23 விடியலில், ஒரே இரவில் ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் கொட்டி நகரமே மூழ்கியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போயின. தண்ணீர் நின்ற தெருவில் விளக்குக் கம்பம், பந்தல் கம்பி அருகே கால் வைக்கவே வைக்காதீர்கள். கூட்டத்துக்கும் இதே கண்டிப்பு. 2015இல் தேஷப்பிரிய பார்க்கில் பிரம்மாண்டச் சிலை என்று விளம்பரம் செய்து, பஞ்சமியன்றே நெரிசலில் பந்தலை மூட வேண்டியதாயிற்று. ஏதாவது ஒரு பந்தல் அந்த வருடம் ஊரெல்லாம் பேசப்பட்டால், பெரியவர்களோடு போகும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பஞ்சமி உங்கள் வார இறுதியில் விழுந்தால் சியால்தா நிலையத்துக்கு ஒரு நடை போங்கள். மாவட்டங்களிலிருந்து வந்த டாக் மேளக்காரர்கள் வெளியே கூட்டமாக அடித்துக்கொண்டிருப்பார்கள். பந்தல்காரர்கள் கேட்டுப் பார்த்து, பேரம் பேசி, அங்கேயே அமர்த்திக்கொண்டு போவார்கள். டிக்கெட் இல்லாத கச்சேரி அது, அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் எந்தக் கருப்பொருள் பந்தலையும் விட்டுக்கொடுப்பேன்.

இந்த வருடம் தேதி ஒத்துவராவிட்டால் தீபாவளிக்கு ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து சந்தன்நகரில் நடக்கும் ஜகத்தாத்ரி பூஜையை யோசியுங்கள். ஹௌராவிலிருந்து உள்ளூர் ரயிலில் போய்விடலாம், மழை ஓய்ந்திருக்கும். புதுச்சேரி போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் ஆற்றங்கரைச் சாலை உங்களுக்கு எங்கேயோ பார்த்ததுபோல இருக்கும்.

திரும்பும்போது விமான நிலையத்துக்குக் காரில் போவதாக இருந்தால் விஐபி சாலையில் ஸ்ரீபூமி பந்தல் வழியில் வரும். 2021இல் அவர்கள் புர்ஜ் கலீபா மாதிரியை எழுப்பி லேசர் ஒளி பாய்ச்ச, விமானிகளே புகார் செய்யும் நிலை வந்தது. அந்த வட்டாரத்தில் மாலை நேரத்தில் கார் நகராது. 2025 ஆகஸ்ட் முதல் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்துவிட்டது. நீலத் தடத்தில் நோவாபாரா வரை போய் அங்கே மாற வேண்டும். பெட்டி கனமாக இல்லாவிட்டால் அதுவே நிம்மதி. ஞாயிறு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.